இரண்டு பேருக்கு வைத்த மேசை

ஐயா,

இன்று காலை என் மகள் ஒரு கட்டுக் கடித உறைகளைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். சுவிஸின் இந்த வில் நகரத்துச் சபைக்கு அவள் தெரிவாகியிருக்கிறாள். தேர்தலில் உதவியவர்களுக்கு நன்றிக் கடிதம் அனுப்ப வேண்டுமாம். "உங்கட எழுத்துத்தான் வடிவு அப்பா. விலாசத்தை நீங்களே எழுதுங்கோ" என்றாள். முன்பக்கத்தை எழுதிவிட்டேன். உறையைத் திருப்பி அனுப்புநர் பெயர் எழுதும் இடத்துக்கு வந்ததும் கை நின்றுவிட்டது. இத்தனை வருடம் கழிந்தும் அந்த இடத்தில் எனக்குப் பேனா ஓடுவதில்லை. உங்களிடம் சொல்லாமல் விட்டதை இன்றாவது சொல்லிவிட வேண்டும்.

எண்பதுகளின் நடுவில் இதே ஊரில் ஒரு சிறிய விடுதியின் சமையலறையில் நான் பாத்திரம் கழுவினேன். இங்கிலாந்திலிருந்து ஒரு பிரபு வந்து தங்கப்போகிறார் என்று முதலாளி அம்மா சொன்னபோது, பின்னால் இரண்டு சேவகர்களாவது வருவார்கள் என்று நினைத்தேன். நீங்களோ முழங்கையில் ஒட்டுப் போட்ட கோட்டோடு, பெட்டியை நீங்களே தூக்கிக்கொண்டு வந்தீர்கள். எனக்கு ஆங்கிலம் தெரியும் என்று அறிந்ததும், கொல்லைப்புறத்தில் நான் உருளைக்கிழங்கு உரிக்கும் இடத்துக்கு ஒரு கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்தீர்கள். கத்தியும் கேட்டு வாங்கினீர்கள். நீங்கள் உரித்ததில் பாதிக் கிழங்கு தோலோடு போனது.

அங்கேதான் உங்கள் கதையைக் கேட்டேன். சுரங்கத் தொழிலாளியின் மகன் நீங்கள். பாராளுமன்றத்தில் பல காலம் இருந்தீர்கள். பிரபுக்கள் சபையை இழுத்துப் பூட்ட வேண்டும் என்று மேடைக்கு மேடை முழங்கினீர்கள். உங்கள் ஒரே மகள் எட்டு வயதிலேயே வீடு வீடாக உங்கள் துண்டுப்பிரசுரம் கொடுத்தவள். தேர்தலில் தோற்றீர்கள், மனைவியும் போய்ச் சேர்ந்தார். அப்போது அதே சபையில் இருக்கப் பிரபுப் பட்டம் தேடி வந்தது, நீங்கள் வாங்கிக்கொண்டீர்கள். சுவிஸ் வாத்தியார் ஒருவரைக் கட்டி இதே வில் நகரில் குடியிருந்த மகள் அன்றோடு உங்களுடன் கதைப்பதை நிறுத்திவிட்டாள்.

"ஏன் வாங்கினீர்கள்?" என்று வாய் தவறிக் கேட்டுவிட்டேன்.

"காலையில் எழுந்தால் போவதற்கு ஓர் இடம் வேண்டியிருந்தது, சிவா. வெறும் வீட்டில் இருக்கப் பயமாக இருந்தது" என்றீர்கள்.

என் பயம் வேறு. என் அகதி விண்ணப்பத்தை பேர்னில் இருந்த சுவிஸ் அரசு நிராகரித்திருந்தது. மேன்முறையீட்டுக்குச் சில நாட்களே மீதி. தபாற்காரரின் மஞ்சள் சைக்கிளைக் கண்டாலே எனக்குக் கையும் ஓடாது, காலும் ஓடாது. எனக்காக ஒரு கடிதம் எழுதித் தருவீர்களா என்று கேட்டேன். "திங்கட்கிழமை உட்கார்ந்து எழுதுவோம்" என்றீர்கள்.

அதற்கு முந்திய செவ்வாய்க்கிழமை, மகளுக்கு ஒரு கடிதத்தை என்னிடம் தந்து தபாலில் போடச் சொன்னீர்கள். அனுப்புநர் பெயர் இல்லாதது என் கண்ணில் பட்டது. யாழ்ப்பாணத்தில் நான் உறுதிப் பத்திரம் முடிக்கும் நொத்தாரிசு ஒருவரிடம் எழுத்தராக இருந்தவன். கலியாணக் கார்டில் ஒருவருடைய சமாதான நீதவான் பட்டத்தைப் போட மறந்தால், அந்த மனுசன் பந்தலுக்கே வரமாட்டார். பெரிய மனுசரின் பெயரை மொட்டையாக விடுவது எங்களுக்கு அவமரியாதை. அஞ்சலகத்தில் நின்று, என் நல்ல கையெழுத்தில், 'ரைட் ஒனரபிள்' என்ற மரியாதைச் சொல்லில் தொடங்கி உங்கள் பிரபுப் பட்டம் முழுவதையும் விடுதி விலாசத்தோடு உறையின் பின்னால் எழுதினேன். உங்களுக்குப் பெரிய உபகாரம் செய்த நினைப்பில் சீட்டியடித்துக்கொண்டு திரும்பினேன்.

வெள்ளிக்கிழமை விடுதித் தபாலை எடுக்கப் போனபோது அந்தக் கடிதம் உடைக்கப்படாமலே திரும்பி வந்திருந்தது. நான் எழுதிய பட்டத்தின் கீழே சிவப்பு மையில் இரண்டு கோடுகள். அப்போதுதான் எனக்கு மண்டையில் உறைத்தது. எந்தப் பட்டத்துக்காக அவள் கோபித்தாளோ அதையே நீங்கள் அவள் முகத்தில் எறிந்ததாக நினைத்துவிட்டாள்.

என்னோடு வேலை செய்த குலம் அண்ணையிடம் காட்டினேன்.

"உனக்கென்ன விசரே? இப்ப சொன்னியெண்டா மனுசன் கோவத்தில கடிதம் தராது. திங்கள் வரைக்கும் வாயைத் திறக்காதை. கடிதம் கைக்கு வந்தாப் பிறகு, பேந்து சொல்லலாம்."

"அவர் ஒவ்வொரு நாளும் தபால் வந்ததோ எண்டு கேக்கிறார் அண்ணை."

"கேக்கட்டும். உன்னைத் திருப்பி அனுப்பினா உன்ர கொம்மாவுக்கு ஆர் பதில் சொல்லுறது?"

கடிதத்தை என் பெட்டிக்குள் வைத்தேன். சனிக்கிழமையும் நீங்கள் கேட்டீர்கள். இல்லை என்று தலையாட்டினேன்.

ஞாயிறு காலை தவிட்டு நிறத் தொப்பியோடு சமையலறை வாசலில் வந்து நின்றீர்கள். சவரம் செய்த கன்னத்தில் ஒரு வெட்டு. "பதினொரு மணிக்கு ஸ்டேஷனில் நிற்பேன் என்று மகளுக்கு எழுதியிருந்தேன். வருவாளோ தெரியாது. மத்தியானம் மேசையில் இரண்டு பேருக்கு வைக்க முடியுமா?" என்று கேட்டீர்கள்.

சுவர்க் கடிகாரத்தில் பத்தரை. சொல்வதற்கு நேரம் இருந்தது. மகளின் வீட்டுக்கு என் சைக்கிளில் பத்து நிமிடம்கூட இல்லை. நான் "ஓம் ஐயா" என்றேன். நீங்கள் தெருவில் இறங்கிப் போன பிறகு, ஜன்னலோர மேசையில் இரண்டு தட்டு, இரண்டு கிண்ணம், இரண்டு துவாலை வைத்தேன். யாரும் வரமாட்டார்கள் என்று அந்த ஊரில் தெரிந்தவன் நான் ஒருவன்தான். கரண்டிகளை இரண்டு தடவை துடைத்து வைத்தேன்.

மூன்று மணிக்குத் தனியாக வந்தீர்கள். மேசையைப் பார்த்தீர்கள். "அவளுக்கு வேலை இருந்திருக்கும்" என்று என்னைத் தேற்றுவதுபோல் சொல்லிவிட்டு மேலே போனீர்கள்.

திங்கட்கிழமை சொன்னபடியே எழுதித் தந்தீர்கள். உங்கள் சபையின் தாளில் இரண்டு பக்கம், கீழே முழுப் பட்டமும். "இது யாருக்காவது பயன்படட்டும்" என்று சிரித்தீர்கள். பேந்து சொல்லலாம் என்று நானும் நினைத்தேன். புதன்கிழமை நீங்கள் ரயிலேறினீர்கள். அந்தப் பனிக்காலத்தில் உங்கள் இதயம் நின்றுவிட்டது. எனக்கு இங்கே இருக்க அனுமதி கிடைத்தது.

அடுத்த வசந்தத்தில் உங்கள் மகளின் வீட்டுக்குப் போய்க் கடிதத்தைக் கொடுத்து, பின்பக்கத்தில் எழுதியது நான் என்று சொன்னேன். நின்றபடியே உடைத்து வாசித்தார். நெடுநேரம் உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஏசுவார் என்று காத்திருந்தேன். ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "உங்கள் கையெழுத்து மிக அழகாக இருக்கிறது" என்று மட்டும் சொல்லிக் கதவைச் சாத்தினார். இரண்டு தட்டு வைத்ததை நான் அவரிடமும் சொல்லவில்லை.

நீங்கள் எனக்காக எழுதியதன் பிரதி இப்போதும் என் அலுமாரியில் இருக்கிறது. 'நம்பி ஒப்படைத்த எதையும் சரியாகச் செய்பவர், நேர்மையானவர்' என்று அதில் இருக்கிறது. அந்த வரியை வைத்துத்தான் நான் இந்த நாட்டில் தங்கினேன், கலியாணம் கட்டினேன், பிள்ளை பெற்றேன். அதை உங்களிடம் திருப்பித் தர எனக்கு வழியில்லை.

சற்று முன் மகள் வந்து எட்டிப் பார்த்தாள். "பின்னுக்கு நகரசபை உறுப்பினர் எண்டு போடுவமோ அப்பா?"

"வேண்டாம் பிள்ளை. பேர் மட்டும் இருந்தாக் காணும்."

"ஏன்?"

பக்கத்தில் கதிரையை இழுத்துவிட்டு அவளை இருக்கச் சொன்னேன். இருந்துவிட்டாள். என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். இந்தத் தடவை பேந்து சொல்லலாம் என்று தள்ளிப்போடமாட்டேன், ஐயா.