பிரித்துப் பார்த்த வண்டு

அன்புள்ள மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். காய்ச்சல், சளி ஒன்றும் இல்லை, பயப்படாதே. போனிலேயே சொல்லியிருக்கலாம். சொன்னால் நீ, "விடும்மா, இதெல்லாம் ஒரு விஷயமா?" என்பாய். அதுதான் சாக்கு என்று நானும் விட்டுவிடுவேன். அதனால்தான் கடிதம்.

இப்போது ஞாயிறு காலை எட்டரை. பத்து மணிக்கு நூலக மாடியில் காகிதம் மடிப்பவர்களின் கூட்டம். நீ தேடிப் பிடித்துச் சொல்லித்தானே மூன்று மாதமாகப் போகிறேன்? மருந்துக் கடையில் ஆள் இல்லாத நேரத்தில், மாத்திரைப் பெட்டிக்குள் வரும் மெல்லிய தாளை எடுத்துத் தவளையும் மீனும் மடித்துக்கொண்டு, இந்தக் கிறுக்கு உலகத்தில் எனக்கு மட்டும்தான் என்று நினைத்திருந்தேன். அங்கே போனால் பதினான்கு கிறுக்குகள்! ஒரு தையல்காரர், ஓவிய டீச்சர், லாரி ஓட்டுகிறவர், அவர் மனைவி. முதல் நாளே எனக்கு "மாத்திரை அக்கா" என்று பெயர் வைத்துவிட்டார்கள். என் தவளையைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்து, "இந்த முட்டி எப்படிக்கா வந்துச்சு?" என்று கேட்டார்கள். இருபது வருஷத்தில் யாரும் கேட்காத கேள்வி. எனக்குத் தலைகால் புரியவில்லை.

போன ஞாயிறு தையல்காரர் ஒரு வண்டு கொண்டுவந்தார். ஒரே தாள். வெட்டு இல்லை, ஒட்டு இல்லை. ஆறு கால், இரண்டு கொம்பு. அடுத்த மாதக் கண்காட்சிக்கு என்று அலமாரியில் வைத்துவிட்டு எல்லோரும் டீ குடிக்கக் கீழே போனார்கள். எனக்குப் போக மனம் வரவில்லை. அந்தக் கால் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தாக வேண்டும்.

நான் கற்றதெல்லாம் பிரித்துப் பார்த்துத்தான். பிரித்ததைத் திரும்ப மடித்துவிடலாம் என்ற தைரியம். வயிற்றுப் பக்கம் ஒரு மடிப்பை நகத்தால் நெம்பினேன். அப்புறம் இன்னொன்று. தாளை லேசாக ஈரம் தொட்டு வளைத்துக் காயவிடுவார்களாம், காய்ந்துவிட்டால் அட்டை மாதிரி விறைத்துவிடுமாம். தனியாகவே மடித்துக் கிடந்தவளுக்கு இது எப்படித் தெரியும்? ஒரு கால் முறிந்து கையோடு வந்தது. படியில் பேச்சுக் குரல் கேட்டது. வண்டைத் தரையில் போட்டுவிட்டு ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டேன்.

அந்த நேரம் பார்த்து மாடி பெருக்கும் அம்மா துடைப்பத்தோடு உள்ளே வந்தார். பின்னாலேயே வந்த டீச்சர், "அலமாரியைத் தட்டிவிட்டீங்களா?" என்று அவரைக் கேட்டார். இல்லவே இல்லை என்று அவர் சொன்னதை ஒருவரும் நம்பவில்லை. தையல்காரர் மண்டிபோட்டு வண்டின் காலைத் தேடினார். இருபத்திரண்டு நாள் வேலையாம். கூடவே நானும் குனிந்து தேடினேன். கால் என் முந்தானை முடிச்சில் இருந்தது. பொய் சொல்வது ஒன்று, இப்படித் தேடுவதுபோல் நடிப்பது இன்னொன்று. இதை நினைத்தால் எனக்கே என்னைக் கண்டால் ஆகவில்லை.

புதன்கிழமை டீச்சர் போன் செய்தார். இந்த ஞாயிறு நூலகத்தில் எழுதிக் கொடுத்து அந்த அம்மாவை நிறுத்திவிட்டு வேறு ஆள் போடச் சொல்லப்போகிறார்களாம். அன்று கடையில் இருமல் மருந்து கேட்டவருக்கு வயிற்றுவலி மருந்தை எடுத்து வைத்தேன். நல்லவேளை, அவரே பார்த்துத் திருப்பிக் கொடுத்தார்.

சொன்னால் அந்த மாடிப்படியை நான் மறுபடி மிதிக்க முடியாது. சொல்லாவிட்டால் ஒருத்தர் வேலை போகும். கிளம்புகிறேன், மீதியை வந்து எழுதுகிறேன்.

மணி இரண்டு. சொல்லிவிட்டேன். முறிந்த வண்டுக் காலை மேசைமேல் வைத்து, "அந்தம்மா தொடவே இல்ல. பிரிச்சது நான்தான்" என்றேன். தையல்காரர் என்னை நிமிர்ந்து பார்த்து, "கேட்டிருந்தா நானே பிரிச்சுக் காட்டியிருப்பேனே" என்றார். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை. இனி வர வேண்டாம் என்று டீச்சர் சொன்னார். சரி என்றேன்.

பெருக்கும் அம்மாவிடம் தனியாகப் போய் மன்னிப்புக் கேட்டேன். "ஒரு வாரமா எல்லாரும் என்னை ஒரு மாதிரி பாத்தாங்களே, அப்ப நீங்க எங்க போயிருந்தீங்க?" என்று கேட்டார். பஸ் ஏறாமல் நடந்தே வந்தேன்.

வழி முழுக்க அந்தக் கேள்விதான். அதை என்னிடம் கேட்க வேண்டிய இன்னொருத்தி இருக்கிறாள். நான்கு வருஷத்துக்கு முன்னால், உனக்கு வந்த கடிதங்களை யாரோ பிரித்துப் படித்துவிட்டார்கள் என்று நீ வீட்டையே இரண்டாக்கினாயே, நினைவிருக்கிறதா? நம்மோடு தங்கியிருந்த உன் அத்தைதான் என்று முடிவு கட்டினாய். அவள் அழுதாள். நான் அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன். படித்தது நான். அது அவளுக்குத் தெரியும். தெரிந்தும் என்னைக் காட்டிக்கொடுக்காமல் பெட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அன்றிலிருந்து நீ அவளோடு பேசுவதில்லை.

நாளைக்குக் கடைக்கு லீவு போட்டுவிட்டு அவளைப் பார்க்கப் போகிறேன். கதவைத் திறப்பாளோ என்னவோ. இதைப் படித்ததும் எனக்குப் போன் போடாதே. முதலில் அத்தைக்குப் போடு, அவள் நம்பரை இந்தத் தாளின் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். என்னோடு பேச வேண்டும் என்று உனக்கு எப்போது தோன்றுகிறதோ அப்போது பேசு. தோன்றவே இல்லை என்றாலும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு, நல்லபடியாக இரு.

உன் நலமே வேண்டும்
அம்மா