நூர்ஜஹான் அக்காவின் பத்தியம்

என் உயிரான ரோஸ் அக்காவுக்கு,

உன் பிள்ளை சாமுவேலுக்கு நாளையோடு ஆறு மாதம். நீ அவனை ஒரே ஒரு நாள்தான் மடியில் வைத்திருந்தாய். அவனைப் பார்த்துக்கொள்ள நான் எட்டாம் வகுப்போடு நின்றுவிட்டேன். குளிப்பாட்டுவது, தூளி ஆட்டுவது, துணி அலசுவது எல்லாம் நான்தான். ஆனால் பால்?

பக்கத்து வீட்டு நூர்ஜஹான் அக்காதான் தன் பெண்ணோடு இவனுக்கும் கொடுக்கிறாள். வாசலில் அவள் குரல் கேட்டாலே என் இடுப்பிலிருந்து தாவுவான். ஒரு நாள் என் தாவணியில் முகம் புதைத்துத் தேடினான். ஒன்றும் இல்லை என்று தெரிந்ததும் என்னை ஏமாற்றுக்காரியைப் போலப் பார்த்தான். அன்றிலிருந்து அவளைக் கண்டாலே எனக்கு வயிறு எரிந்தது. நன்றி சொல்ல வேண்டியவள் மேல் பொறாமை வரலாமா, ரோஸ் அக்கா?

நாலாவது மாதத்தில் ஒரு காரியம் செய்தேன். அம்மா கடைக்குப் போயிருந்தபோது கேழ்வரகுக் கூழில் வெல்லம் கரைத்து, சங்கில் ஊற்றிப் புகட்டினேன். சப்புக்கொட்டிக் குடித்தான். அம்மாவுக்குத் தெரியாமல் மூன்று நாள் கொடுத்தேன். நாலாம் நாள் வயிற்றுப்போக்கு. கண் உள்ளே போய்விட்டது.

குழாயடியில் எல்லோரும் நூர்ஜஹான் அக்காவைப் பிடித்துக்கொண்டார்கள்.

"பலாப்பயத்த துன்னுகினு பால் குடுத்தா புள்ளைக்கு இன்னா ஆவும்?"

"ரெண்டே சுளதான் துன்னேன். எம் பொண்ணுக்கு ஒண்ணும் ஆவலியே!"

"அது ஒம் பொண்ணு. இது தாயில்லாப் புள்ள."

குடத்தோடு நானும் அங்கேதான் நின்றேன். என் கூச்சம் உனக்குத் தெரியும். ஆனால் அன்று நான் வாய் திறக்காதது கூச்சத்தால் இல்லை. அவள் பேச்சு வாங்கியது எனக்கு இனித்தது.

கூழை நிறுத்தினேன், பிள்ளை தேறிவிட்டான். அவள்தான் இன்றுவரை பத்தியம். மீன் இல்லை, மாம்பழம் இல்லை. பூண்டு ரசமும் சோறும்தான். தன் தம்பி கல்யாணத்தில் பிரியாணியைக்கூடத் தொடவில்லை. கன்னம் ஒட்டிவிட்டது. அப்படியும் நேரம் தவறாமல் வந்து பால் கொடுக்கிறாள்.

இன்று காலை வந்தாள். "ஸ்டெல்லா, நாளைக்கு நீங்க கோயில்லேந்து வந்ததும் மொத சோறு என்னை ஊட்டச் சொல்லுது உங்கம்மா. மாட்டேன்னுட்டேன். பால் நான் குடுத்தேன், சோறு நீ ஊட்டு. ஏண்டி மூஞ்ச அப்டி வெச்சிகினு கீற?"

ஆறு மாதமாக நான் ஏங்கியது இதற்குத்தானே? ஏன் தலை நிமிரவில்லை?

உண்மையைச் சொன்னால் அம்மா இனி பிள்ளையைத் தனியாக என்னிடம் விடுவாளா? தெரியவில்லை. ஆனாலும் உனக்கு வாக்குக் கொடுக்கிறேன். நாளைக்குக் குழாயடிப் பெண்கள் எல்லோரும் நம் வீட்டில் இருப்பார்கள். பருப்புச் சோற்றைக் குழைத்து வைத்ததும் அவர்கள் முன்னாலேயே கூழைப் பற்றிச் சொல்லிவிடுவேன். பிறகு கிண்ணம் யார் கைக்குப் போனாலும் போகட்டும்.

பெருங்களத்தூர் ஏரி மீன் வாங்கி வைத்திருக்கிறேன். பிள்ளை வாயில் முதல் சோறு போகுமுன் நூர்ஜஹான் அக்கா தட்டில் வறுத்த மீன் விழும்.

உன் தங்கை, உன் மகனுக்குச் சித்தி,
ஸ்டெல்லா
கிழக்குத் தாம்பரம்