யார் அடைத்த தோட்டா

செப்டம்பர் 4, சனி

கடையில் இன்றும் தோட்டா இல்லை. நாடு முழுக்க இதே தட்டுப்பாடுதானாம். "அடுத்த மாசம் வரலாம், வராமலும் போகலாம்" என்றான் கடைக்காரன்.

எல்க் என்கிற பெரிய காட்டுமானை வேட்டையாட அக்டோபர் கடைசியில் அனுமதி. ஃப்ரீசரின் அடியில் போன வருஷத்து இறைச்சி கொஞ்சம் கிடக்கிறது. இந்த மொன்டானா குளிருக்கு அது எந்த மூலைக்கு?

கல்யாணமான நாளிலிருந்து லேலண்ட் தன் துப்பாக்கிக்கான தோட்டாவைத் தானே அடைத்துக்கொண்டான். பக்கவாதம் அவனுடைய வலது கையையும் பாதிப் பேச்சையும் கொண்டுபோன பிப்ரவரியிலிருந்து கீழ்த்தளத்துக்கு யாரும் போகவில்லை. எனக்குச் சுடத் தெரியும். அடைக்கத் தெரியாது.

சாப்பிடும்போது கேட்டேன். "நான் அடைக்கட்டுமா? பக்கத்துல உக்காந்து சொல்லித் தர்றியா?"

கரண்டியையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, "ஒடைப்ப" என்றான்.

அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

செப்டம்பர் 6, திங்கள்

உடைத்துவிட்டேன். உடைந்தது என்று சொல்ல முடியாது. மாட்டிக்கொண்டது.

சொல்லப்போனால் வேலை எளிது. சுட்டபின் மிஞ்சும் பித்தளைக் கூட்டுக்குக் கொஞ்சம் மெழுகு தடவி, பிரஸ்ஸில் நிறுத்தி, கைப்பிடியை அழுத்தினால் உப்பிய கூடு பழைய அளவுக்கு வரும். பிறகு அடியில் பற்றவைக்கிற புது பிரைமர், உள்ளே எடைபோட்ட வெடிமருந்து, வாயில் குண்டு. அவ்வளவுதான். நான் மெழுகைக் கஞ்சத்தனமாகத் தடவினேன். கூடு உள்ளே போய் இறுகிக்கொண்டது. கைப்பிடியில் தொங்கிப் பார்த்தும் வரவில்லை.

லேலண்ட் வைதான். நாற்காலி என்று சொல்ல வராதவனுக்குக் கெட்ட வார்த்தை மட்டும் ஒன்றன்பின் ஒன்றாக, பிசிறில்லாமல் வந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவனும் சிரிப்பான் என்று திரும்பிப் பார்த்தேன். அவன் கண்ணில் தண்ணீர் நின்றது.

துணி துவைக்கும் அறைக்குப் போய்க் கொஞ்சநேரம் நின்றுவிட்டு வந்தேன்.

செப்டம்பர் 11, சனி

மாட்டிய கூட்டைத் துளைபோட்டுப் பிடுங்கினோம். அவன் இடது கையால் சுட்டிக்காட்ட, நான் செய்தேன். மருந்தின் அளவைப் பார்க்கப் புத்தகத்தை நீட்டினால், "நீ படி" என்று தள்ளிவிட்டான். நான் கற்றுக்கொள்ள வேண்டும் என்பதற்காக இருக்கும்.

மேசையில் எப்போதும் ஒரே ஒரு மருந்து டப்பாதான் இருக்க வேண்டுமாம். விரலை ஆட்டி ஆட்டிச் சொன்னான். "ஒண்ணு. ஒண்ணு."

செப்டம்பர் 19, ஞாயிறு

சரளைக்குழிக்குப் போய் நான் அடைத்ததைச் சுட்டுப் பார்த்தேன். அட்டையில் மூன்று ஓட்டையும் ஒரு பிஸ்கட் மறைக்கிற அளவு நெருக்கத்தில். அவன் வண்டியைவிட்டு இறங்கவில்லை. ஜன்னல் வழியாக அட்டையை நீட்டினேன்.

"கதவு" என்றான்.

நல்லா இருக்கு என்று சொல்ல வந்திருக்கலாம். வேறெதுவாகவும் இருக்கலாம். கேட்கவில்லை.

அக்டோபர் 5, செவ்வாய்

பேச்சுப் பயிற்சிக்கு இனி வரமாட்டானாம். வண்டிச் சாவியை எடுத்து மாவு டப்பாவுக்குள் போட்டுவிட்டான்.

அக்டோபர் 21, வியாழன்

 இன்று நடந்ததை வரிசையாக எழுதிவைக்கிறேன்.

பள்ளிச் சமையலறை வேலை முடிந்து வரும்போது, எங்கள் வாசலிலிருந்து ஹால்வரின் வண்டி போய்க்கொண்டிருந்தது. பின்னால் குதிரையை ஏற்றிச் செல்லும் பெட்டி. பக்கத்துப் பண்ணைக்காரர், லேலண்டோடு முப்பது வருஷமாக வேட்டைக்குப் போனவர். அவருக்கும் தோட்டா அடைத்துக் கொடுப்பது லேலண்ட்தான். கையசைத்துவிட்டுப் போனார்.

உள்ளே லேலண்டின் முகத்தில் வெளிச்சம். பிப்ரவரிக்குப் பிறகு அப்படிப் பார்த்ததில்லை. "செஞ்சேன்" என்றான். "ஹால்வர். குடுத்தேன்."

தனியாகவா? ஒற்றைக் கையாலா? கட்டிக்கொண்டு முத்தம் கொடுத்தேன். கொடுத்துவிட்டுத்தான் கீழே போனேன், சும்மா பார்க்கலாம் என்று.

மேசையில் மருந்து சிந்தியிருந்தது. எங்கள் ரைஃபிள் மருந்து பென்சில் ஊசியைப் பொடிப்பொடியாக நறுக்கின மாதிரி இருக்கும். இது தட்டைத் தட்டையாக, செதில் மாதிரி. கைத்துப்பாக்கிக்கான மருந்து. ஒரேயடியாகப் பற்றிக்கொள்ளும். அதை ரைஃபிள் கூட்டில் நிரப்பிச் சுட்டால் துப்பாக்கியின் பின்பக்கம் வெடித்துச் சுடுகிறவன் முகத்துக்கு வரும்.

மேசையில் ஒரே ஒரு டப்பாதான் இருந்தது. அவன் சொன்ன மாதிரியே. தப்பான டப்பா.

ஹால்வர் போனை எடுக்கவில்லை. வேட்டைக்குக் கிளம்பிவிட்டார்; மலையடிவாரத்தில் சிக்னல் கிடையாது. லேலண்டிடம் எதுவும் சொல்லாமல் வண்டியை எடுத்தேன். காட்டுப்பாதை முடிகிற இடத்தில் குதிரைக்குச் சேணம் கட்டிக்கொண்டிருந்தார். மூச்சு வாங்கச் சொன்னேன். அவர் பதறவில்லை. வண்டிக்குள் கைவிட்டுப் பெட்டியை எடுத்துத் தந்தார்.

"இத நான் சுட்டிருக்க மாட்டேன், வெர்னா."

"மருந்து மாறினது தெரியுமா?"

"அது தெரியாது. போன மாசம் பேப்பர்ல சாவுச் செய்திப் பக்கத்த விரிச்சு வெச்சிருந்தான். யாருடா செத்துட்டான்னு கேட்டேன். போட்டோவப் பாத்துத்தான் சொன்னான். போட்டோ இல்லாதவன் பேர் வரல. அவனால படிக்க முடியல."

"அப்புறம் ஏன் வாங்கிட்டு வந்தீங்க?"

"அவன் மூஞ்சிய நீ பாக்கல?"

பார்த்தேனே.

"எங்கிட்ட ஏன் சொல்லல ஹால்வர்?"

குதிரையின் வார்ப்பட்டையை இழுத்துக் கட்டினார். "உனக்குத் தெரியும், நீ தெரிஞ்சுதான் பேசாம இருக்கன்னு நெனச்சேன்."

அக்டோபர் 22, வெள்ளி

இரண்டு டப்பாவையும் சமையலறை மேசையில் அவன் முன்னால் வைத்தேன். எப்படிக் கேட்பது என்று வேலைக்குப் போகாமல் காலையிலிருந்து யோசித்தது எதுவும் வாயில் வரவில்லை. "இதுல எது ரைஃபிளுக்கு?" என்றுதான் கேட்டேன்.

டப்பாவைப் பார்க்கவேயில்லை. என்னைப் பார்த்தான்.

"எறும்பு" என்றான். "எல்லாம் எறும்பு."

இந்த முறை சொல் மாறி வரவில்லை என்று எனக்குப் புரிந்தது. எழுத்தெல்லாம் எறும்பாக ஊர்கிறது. எட்டு மாசமாக. நான் தினமும் பேப்பரை மடித்து அவன் பக்கத்தில் வைத்தேன். பிறந்தநாளுக்குப் பத்திரிகைக்குச் சந்தா கட்டினேன். அவனும் பக்கம் பக்கமாகப் புரட்டினான். எனக்காகப் புரட்டினானா? ஒரே வீட்டில், ஒரே மேசையில் — நான் என்னத்தப் பாத்துக்கிட்டு இருந்தேன்?

பெட்டியைத் திறந்து காட்டி, மருந்து மாறியதைச் சொன்னேன். அவன் மெதுவாக எழுந்து படுக்கையறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.

பிறகு நான் கீழே போய் ஒவ்வொரு தோட்டாவாகச் சுத்தியல் மாதிரியான ஒரு கருவியில் மாட்டித் தரையில் தட்டிக் குண்டைக் கழற்றினேன். ஒவ்வொரு தட்டலும் மேலே அவனுக்குக் கேட்டிருக்கும். துணியை அடியில் வைத்துப் பார்த்தேன். சத்தம் குறையவில்லை. மருந்தை வெளியே கொண்டுபோய் மண்ணில் தூவினேன்.

அக்டோபர் 24, ஞாயிறு

பேசவில்லை. ரேடியோ மட்டும்.

நவம்பர் 7, ஞாயிறு

ஹால்வரோடு போனேன். பனி முழங்காலளவு. பைன் மரங்களுக்குக் கீழே ஒரு பெட்டை எல்க், பக்கவாட்டில் நின்றது. ஒரே குண்டு. நாலெட்டு நடந்து விழுந்தது. ஹால்வர் தொப்பியைத் தொட்டார். எனக்குச் சந்தோஷம் வரவில்லை. இனி குளிர்காலம் கழிந்துவிடும் என்று மட்டும் தோன்றியது.

வீட்டுக்கு வந்து ஈரலை வெங்காயம் போட்டு வறுத்தேன். லேலண்ட் இடது கையால் சாப்பிட்டான்.

"யாரு... தோட்டா?" என்றான். பதினாறு நாளில் முதல் பேச்சு.

"நான் அடச்சது."

மென்றுகொண்டே இருந்தான்.

நவம்பர் 16, செவ்வாய்

மான் வேட்டைக்கு இன்னும் கொஞ்சம் அடைக்க வேண்டும். "கீழ வாயேன், சும்மா உக்காரு" என்று கூப்பிட்டேன். தலையை ஆட்டினான்.

"ஹால்வர்" என்றான். உதடு சொல்லைத் தேடியது. தேடாமலே இருந்திருக்கலாம். "கொன்னிருப்பேன்."

இல்லை, அவர் அதைச் சுட்டிருக்கவே மாட்டார் என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. சொன்னால் அந்தப் பாரம் அவனைவிட்டு இறங்கும். கூடவே, வாங்கிக்கொண்டுபோன நண்பன் தன்னை ஒரு நிமிஷம்கூட நம்பவில்லை என்பதும் தெரிந்துபோகும். எதை வைத்துக்கொண்டு வாழ்வது அவனுக்குச் சுலபம்? எனக்கென்ன தெரியும். கொன்றுவிடக்கூடியவன் என்பதில், மற்றவன் நம்பித் தோட்டா வாங்குகிற பழைய லேலண்ட் இன்னும் கொஞ்சம் இருக்கிறான்.

சொல்லவில்லை. கையைப் பிடித்துக்கொண்டேன். இழுத்துக்கொண்டான்.

டிசம்பர் 2, வியாழன்

பேப்பரை நிறுத்திவிட்டேன். அவனிடம் கேட்கவில்லை. அவனும் ஏன் வரவில்லை என்று கேட்கவில்லை.

ஜனவரி 9, ஞாயிறு

வருஷா வருஷம் வருகிற மாதிரியே ஹால்வர் வந்தார், சுட்ட கூடுகளை ஒரு பையில் போட்டுக்கொண்டு. காபி குடித்தார். பையை எடுத்து லேலண்டின் முன்னால் வைத்தார்.

"வசந்தத்துக்குள்ள அடச்சுக் குடுத்தாப் போதும். அவசரமில்ல."

இதற்குத்தான் வந்தார், வேண்டுமென்றேதான் அங்கே வைத்தார் என்று எனக்குத் தெரியும். எழுந்து எதையாவது சொல்லி மறைக்கலாமா என்று பார்த்தேன்.

லேலண்ட் பையைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு இடது கையால் அதை மேசையில் நகர்த்தினான். பித்தளை உரசிக்கொண்டே என் காபிக் கோப்பைவரை வந்து நின்றது.

"அவளக் கேளு" என்றான்.

இரண்டு சொல். இரண்டும் சரியாக வந்தன.

ஹால்வர் என் பக்கம் திரும்பினார். என்ன குண்டு வேண்டும், போன வருஷத்து எடையே போதுமா என்று கேட்டேன். அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே லேலண்ட் கோட்டை ஒரு தோளில் மாட்டிக்கொண்டு கோழிக்குத் தண்ணீர் வைக்கப் போனான். தொட்டி உறைந்து கிடக்கும். ஒற்றைக் கையால் பனிக்கட்டியை உடைக்க நேரமாகும். நான் போகவில்லை.