காலி என்று கத்துவதற்கு முன்

மார்ச் 3, செவ்வாய்

நோட்டீஸ் போர்டில் புது ஆணை. முகாமில் சீருடை போட்ட எல்லாரும் துப்பாக்கித் தேர்வில் தேறியாக வேண்டும். எல்லாரும் என்றால் எல்லாரும்: சமையல்காரர், பல் டாக்டர், எழுத்தர், பேண்டில் டிரம்பெட் ஊதுகிறவர், ரேடார் ரிப்பேர் பார்க்கிற நான். கடைசி வரி எனக்காகவே எழுதியது மாதிரி இருந்தது: "தேறாதவர் பெயர் எந்த மேற்பயிற்சிக்கும் அனுப்பப்பட மாட்டாது."

புது ரேடாருக்கான ஆறு மாதப் பயிற்சி. எங்கள் முகாமுக்கு ஒரே ஒரு சீட். பெயர் போகிற நாள் இருபதாம் தேதி. "உன் பேரைத்தான் சொல்லியிருக்கேன், சொதப்பிடாதே" என்று பட்டறைத் தலைவர் போன மாதமே சொல்லிவிட்டார். இந்தப் படிப்புக்காகத்தான் பட்டாளத்தில் சேர்ந்தேன். ரேடாரைப் பிரித்து மாட்டுகிறவனுக்கு எதற்கு ரைபிள்? பழுதாகிப் போன ரிசீவரைச் சுட்டுச் சரிபண்ணவா?

மார்ச் 4, புதன்

சாப்பாட்டுக் கூடத்தில் இதே பேச்சு. நான் என் கட்சியைச் சொன்னேன்: அவனவன் வேலையை அவனவன் ஒழுங்காகப் பார்த்தால் போதும். சுடுகிறவர்கள் சுடட்டும். ஒரு ஆளைச் சுடுகிற ரேஞ்சுக்கு அனுப்புகிற ஒவ்வொரு நாளும் ஒரு மெஷின் ரிப்பேராகாமல் கிடக்கிறது. கணக்கு சுலபம்.

சமையல்காரர் கரண்டியை நீட்டிக்கொண்டே கேட்டார்: "அப்போ எதிரி உள்ள பூந்துட்டான்னா, 'நான் ரேடார் மெக்கானிக்குங்க, பக்கத்து ரூம் பாருங்க'ன்னு சொல்லுவியா தம்பி?"

"நீங்க என்னண்ணே சொல்லுவீங்க?"

"உக்காரச் சொல்லிச் சாப்பாடு போடுவேன். என் குழம்பைத் தின்னவன் எழுந்திருச்சு சண்டை போட்டதா சரித்திரமே இல்ல."

சிரிப்பு அடங்கியபோது ஒன்று உறைத்தது. அவருடைய கேள்விக்கு நான் பதிலே சொல்லவில்லை.

மார்ச் 7, சனி

அம்மா போனில்: "ரிப்பேர் வேலைன்னுதானே சேந்தே? துப்பாக்கியெல்லாம் தொடாதடா, வெடிச்சுக் கிடிச்சு வெக்கப் போவுது." வெடிக்கிறதுதாம்மா அதோட வேலை என்றேன். போனை அக்காவிடம் கொடுத்துவிட்டாள். அக்கா, "ஏன்டா அம்மாவைப் பயமுறுத்துறே?" நான் எங்கே பயமுறுத்தினேன்?

மார்ச் 9, திங்கள்

பல் டாக்டரின் எக்ஸ்ரே மெஷின் மறுபடி மண்டையைப் போட்டுவிட்டது. முகாம் வாசலை ஒட்டிய அவருடைய சின்ன அறைக்குப் போனால், மேடம் ஸ்குரூடிரைவரும் கையுமாக நிற்கிறார். பின்பக்க மூடியைத் திறக்கிறார்!

"மேடம், என்ன பண்றீங்க?"

"பிளக்கைப் பிடுங்கிட்டேனே."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவர் கேப்டன் என்பதெல்லாம் மறந்துபோய்ப் பெரிய லெக்சர் அடித்தேன். பிளக்கைப் பிடுங்கினால் மெஷின் செத்துவிடாது. உள்ளே கெபாசிட்டரில் கரண்ட் தேங்கி உட்கார்ந்திருக்கும். தொட்டால் ஆளைத் தூக்கி அடிக்கும். முதலில் அதை வடியவிட வேண்டும், அப்புறம் மீட்டரை வைத்துப் பார்க்க வேண்டும், அப்புறம்தான் கையை விட வேண்டும். "பிளக்கைப் பிடுங்கிட்டேன்னு சொல்றவங்களைத்தான் மேடம் ஸ்ட்ரெச்சர்ல தூக்கிட்டுப் போவாங்க."

பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு, "உன் வலது கன்னம் ஏன் வீங்கியிருக்கு?" என்றார். கடைவாய்ப் பல் இரண்டு வாரமாகக் குடைகிறது. அவசர வேலை இருக்கிறது என்று ஓடி வந்துவிட்டேன். டிரில் சத்தம் எனக்கு ஆகாது.

மார்ச் 10, செவ்வாய்

ரேஞ்சில் முதல் பயிற்சி. சொல்லிக்கொள்ளக் கூடாது, ஆனால் எழுதிக்கொள்ளலாம்: அசத்திவிட்டேன். மூச்சைப் பாதி விட்டு நிறுத்து, விரலை மெல்ல இழு, அவ்வளவுதான். என் குறி அட்டையில் ஓட்டைகள் எல்லாம் ஓர் உள்ளங்கைக்குள். கூட ஒரே ஒரு ஓட்டை, மூலையில். அது என்னுடையது இல்லை, பக்கத்தில் படுத்திருந்த சமையல்காரருடையது. அவர் அட்டையில் பெரும்பாலும் காற்றுதான்.

ரேஞ்ச் சார்ஜென்ட் ஒல்லியான ஆள், குரல் மட்டும் லாரி ஹாரன். சுடுவதற்குச் சொல்லிக்கொடுத்ததைவிட, காலி செய்வதற்கு இரண்டு மடங்கு நேரம் எடுத்துக்கொண்டார். தோட்டா அடைத்த மேகசினைக் கழற்று, போல்ட்டைப் பின்னால் இழு, குண்டு உட்காரும் அறையைக் கண்ணால் பார், விரலை விட்டுத் தடவு, அப்புறம் "காலி" என்று கத்து. திரும்பத் திரும்ப. பாதியில் எனக்குக் கொட்டாவி வந்துவிட்டது.

மார்ச் 12, வியாழன்

ஃபெயில்.

நான் ஃபெயில். சமையல்காரர் பாஸ். இதை எங்கே போய்ச் சொல்வது?

நடந்தது இதுதான். குறி எல்லாம் முந்தாநாளைவிட நன்றாகவே விழுந்தது. நடுவில் திடீரென்று "நிறுத்து! காலி செய்!" என்று கத்தினார் சார்ஜென்ட். அதுவும் தேர்வில் ஒரு பகுதி. நான் மேகசினை உருவி வைத்துவிட்டு, வரிசையில் முதல் ஆளாக "காலி!" என்றேன். வேகத்துக்கும் மதிப்பெண் இருக்கும் என்று நினைப்பு.

வந்தார். குனிந்தார். போல்ட்டை ஓர் இழு இழுத்தார். உள்ளேயிருந்து ஒரு தோட்டா துள்ளி வந்து, என் கையில் பட்டு மண்ணில் விழுந்தது. முழுத் தோட்டா.

"இது என்ன தம்பி?"

"தோட்டா, சார்ஜென்ட்."

"துப்பாக்கி காலியா?"

"...இல்லை, சார்ஜென்ட்."

"அப்ப யாரு காலி?"

வரிசை முழுக்கச் சிரித்தது. "குறி தப்பினா மார்க்கு போகும். இது தப்பினா ஆளு போகும். எழுந்திரு." அவ்வளவுதான், தேர்வு முடிந்தது. அடுத்த தேர்வு இருபத்து நாலாம் தேதி. பெயர் போகிறது இருபதாம் தேதி.

மனுஷனுக்குக் கொஞ்சமாவது இரக்கம் வேண்டாமா? அட்டையைப் பாருய்யா! ஓட்டையெல்லாம் எப்படி இருக்கு பாரு! ஒரே ஒரு தடவை, ஒரு இழு இழுக்கலை, அதுக்குப் போயி... சரி. எழுதி என்ன ஆகப்போகிறது.

மார்ச் 13, வெள்ளி

பல் டாக்டர் மேடம் வழியில் நிறுத்தினார். விஷயம் அவருக்கும் போயிருக்கிறது. அவரும் நேற்று சுட்டார், பாஸ்.

"ஏம்ப்பா, பிளக்கை மட்டும் பிடுங்கினியாமே?"

ஒரு நொடி புரியவில்லை. புரிந்ததும் காது சூடாகிவிட்டது. மேகசின்தான் பிளக். அறைக்குள் இருக்கிற தோட்டாதான் கெபாசிட்டர். பட்டறையில் நான் ஒருநாளும் செய்யாத தப்பு. யாராவது செய்தால் வானத்துக்கும் பூமிக்கும் குதிக்கிற தப்பு. அதை ரைபிளில் செய்திருக்கிறேன் — ஏன்? அது என் மெஷின் இல்லை என்று நினைத்ததாலா?

"கன்னம் இன்னும் வீக்கமா இருக்கு" என்றார். மறுபடி ஓட்டம்.

மார்ச் 16, திங்கள்

ரேஞ்ச் ஸ்டோரில் கேட்டு, பயிற்சிக்கான டம்மி தோட்டாக்களோடு மாலை முழுக்கக் காலி செய்துகொண்டிருந்தேன். சமையல்காரர் எட்டிப் பார்த்து, "என்ன தம்பி, வெங்காயம் உரிக்கிற மாதிரி விடாம உரிக்கிறே?" கண்ணில் தண்ணீர் வரவில்லை, அது ஒன்றுதான் வித்தியாசம்.

மார்ச் 19, வியாழன்

வரிசையாக எழுதிவிடுகிறேன்.

மதியம். வாசல் கேமராவில் படம் வரவில்லை. ஏணி போட்டு ஏறியிருந்தேன். வெயில் மண்டையைப் பிளந்தது. கீழே வாசல் காவல்காரன், சின்னப் பையன் மாதிரி முகம், போன வருடம்தான் சேர்ந்தவன். தடுப்புக் கட்டைக்கு அந்தப் பக்கம் காய்கறி வேன் நின்றது. டிரைவர் இறங்கிச் சீட்டை நீட்டினார். காவல்காரன் அதை வாங்கப் போனவன், அப்படியே மடங்கி உட்கார்ந்து, சாய்ந்துவிட்டான். ரைபிள் வார் தோளிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது. குழல் நேராக வேனைப் பார்த்து.

டிரைவர் நல்ல மனுஷர், உதவுகிற அவசரம். "ஐயையோ தம்பி"ன்னு குனிந்து ரைபிளை எடுக்கப் போகிறார். விசைப் பக்கம் கையை விட்டு!

"தொடாதே! கையை எடுய்யா!"

ஏணியில் எத்தனை படி இருந்தது என்று தெரியாது, நான் எதிலும் கால் வைத்ததாக நினைவில்லை. சத்தம் கேட்டுப் பல் டாக்டர் மேடம் கையுறையோடு ஓடி வந்தார். காவல்காரன் காலரைத் தளர்த்தி, காலை உயர்த்திக்கொண்டே, தலையைத் திருப்பாமல் சொன்னார்: "இவனை நான் பாத்துக்கறேன். அதை நீ பாரு."

எடுத்தேன். விசையில் விரல் படாமல். குழலை மணல் மூட்டைப் பக்கம் திருப்பினேன். மேகசினைக் கழற்றினேன். இங்கே ஒரு விஷயம்: வாசல் காவலில் மேகசின் மாட்டியிருக்கும், ஆனால் அறைக்குள் தோட்டா ஏற்றக் கூடாது, அது கண்டிப்பான விதி. அதனால் உள்ளே ஒன்றும் இருக்காது. பத்து நாள் முன்பு என்றால் நான் அத்தோடு தோளில் மாட்டியிருப்பேன்.

போல்ட்டை இழுத்தேன்.

துள்ளி வந்து விழுந்தது.

பார்த்தேன். விரலை விட்டுத் தடவினேன். மறுபடி பார்த்தேன். "காலி!" என்று கத்தினேன். கேட்பதற்கு டிரைவரைத் தவிர யாரும் சும்மா இல்லை. அவர் தன் வேனைப் பார்த்தார், தரையில் கிடந்த தோட்டாவைப் பார்த்தார், பிறகு மெல்ல நகர்ந்து வேனுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டார்.

காவல்காரனுக்கு வெயில் மயக்கம்தான். தண்ணீர் குடித்து எழுந்துவிட்டான். விடியற்காலை வேலியோரம் ஏதோ சத்தம் கேட்டு ஏற்றினானாம், இறக்க மறந்துவிட்டானாம். "அண்ணே, சொல்லாதீங்கண்ணே" என்றான். சொன்னேன். சொல்லாமல் எப்படி இருப்பது?

மேடம் கையுறையைக் கழற்றிக்கொண்டே, "பல் டாக்டர்தானே, மயங்கி விழுந்தவனுக்கு என்ன தெரியும்னு நினைச்சியா?" என்றார். அப்படி நினைக்கக்கூட நேரமில்லை மேடம் என்றேன். உண்மை.

மார்ச் 20, வெள்ளி

பெயர் போய்விட்டது. என்னுடையது அல்ல, ரேடியோ பிரிவுக்காரனுடையது. அவன் முதல் தேர்விலேயே பாஸ். மனைவிக்கு இது பிரசவ மாதம், இருந்தும் சரி என்று கையெழுத்துப் போட்டிருக்கிறான். வாசல் விஷயத்தைச் சொல்லி எனக்காக வாதாடிப் பார்த்தாராம் பட்டறைத் தலைவர். சார்ஜென்ட், "நல்லாச் செஞ்சான். ஆனா தேர்வுன்னா தேர்வு. செவ்வாய்க்கிழமை வரட்டும்" என்றாராம்.

கோபம் வரும் என்று காத்திருந்தேன். முழுசாக வரவில்லை. எல்லாரும் குறி தப்பாமல் சுட வேண்டுமா என்றால், எனக்கு இன்னும் சந்தேகம்தான். ஆனால் துப்பாக்கி கிடக்கிற ஊரில் இருந்துகொண்டு அதை அடக்கி வைக்கத் தெரியாமல் ஒருத்தன் இருக்கலாமா? சமையல்காரராகட்டும், டிரம்பெட்காரராகட்டும். அந்தக் கேள்விக்கு என்னிடம் இப்போது பதில் இருக்கிறது.

மார்ச் 24, செவ்வாய்

பாஸ். பக்கத்து இடத்தில் வாசல் காவல்காரன். தண்டனையாக அவனும் முதலிலிருந்து தேர்வு கொடுக்கிறான், ஐந்து நாளாக என்னோடு பேசவில்லை. "காலி செய்!" வந்தபோது வரிசையில் கடைசியாகக் கத்தியவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான். சார்ஜென்ட் போல்ட்டை இழுத்துப் பார்த்துவிட்டு அடுத்த ஆளிடம் போனார். எழும்போது காவல்காரன், "ரொம்ப மெதுவுண்ணே நீங்க" என்றான். பேசிவிட்டான்.

ஏப்ரல் 2, வியாழன்

பல் வலி தாங்காமல் நானே போய் நாற்காலியில் சாய்ந்தேன். மேடம் ஊசி போட்டுப் பாதி வாய் மரத்துவிட்டது. டிரில்லை எடுக்கிற நேரத்தில் போன் அடித்தது. அலுவலக எழுத்தர்.

"ரேடியோக்காரருக்கு ரெட்டைக் குழந்தையாம்ப்பா, நேத்தே பொறந்திடுச்சு. பயிற்சிக்குப் போகலைன்னு எழுதிக் குடுத்துட்டார். நீதான் இப்ப தேறிட்டியே. சீட்டு காலி, உன் பேரை அனுப்பட்டுமா?"

மரத்துப்போன வாயால் கேட்டேன்: "காலியா? கண்ணால பாத்தீங்களா?"

"என்னது?"

"எழுதிக் குடுத்ததைக் கண்ணால பாத்தீங்களா?"

அந்தப் பக்கம் காகிதம் புரளுகிற சத்தம். மேடம் டிரில்லைக் கையில் பிடித்தபடியே குலுங்கிக் குலுங்கிச் சிரிக்கிறார்.

"பாத்துட்டேன்ப்பா, கையெழுத்து இருக்கு" என்றார் எழுத்தர். "காலிதான்."