யாருக்கும் தெரியாத குளம்

மார்ச் 3

அண்ணாவுக்கு,

அப்பா கிடக்கிற தண்ணீரில் போய்க் குளியுங்கள் என்று ஊருக்கெல்லாம் வழி எழுதிக் கொடுத்திருக்கிறாய்.

நான் துணி துவைக்கிற லாட்ஜில் பத்தாம் நம்பர் அறையைக் காலி செய்தவர்கள், ஈரத் துண்டுகளோடு உன் பத்திரிகையையும் விட்டுப் போனார்கள். 'கூட்டம் எட்டிப் பார்க்காத இடங்கள்'. கீழே உன் புனைபெயர். பக்கத்தில் நம் கல்குவாரிப் பள்ளத்தின் படம். பச்சைத் தண்ணீராம். பாறையிலிருந்து குதிக்கலாமாம். கரையில் 'நூறு ஆண்டுகளாக மனித வாடை படாத கல் இடிபாடுகள்' இருக்கின்றனவாம்.

அது நம் லைன் வீடு அண்ணா, குவாரி ஆட்களுக்குக் கம்பெனி வரிசையாகக் கட்டிக் கொடுத்தது. நாம் காலி செய்தபோது எனக்குப் பதினொரு வயது. உன் கணக்குப்படி இப்போது நூற்றுப் பதினொன்று. அந்த வயசுக்கு நன்றாகத்தான் துவைக்கிறேன். கம்பெனிக்காரன் கூரைத் தகட்டைக் கழற்றிக்கொண்டு போனதால் அது இடிபாடானது. வாசல் நிலைக்கல்லில் இருக்கிற கோடுகளைப் 'பழங்காலச் சிற்பியின் அளவுக்குறிகள்' என்கிறாய். அப்பா உளியால் கொத்தியவை அவை. இடப்பக்கம் உன் உயரம், வலப்பக்கம் என்னுடையது.

அம்மாவுக்கு வாசித்துக் காட்டவில்லை. போனில் கேட்டால் வெட்டிவிடுவாய், அதனால்தான் கடிதம். ஏன் இப்படி எழுதினாய்?

தங்கை


மார்ச் 11

அன்புள்ள வாலுக்கு,

கோபத்திலும் உன் கையெழுத்து அழகாகத்தான் இருக்கிறது. அம்மாவின் முட்டிவலி எப்படி? நான் சொன்ன தைலத்தைத் தேய்க்கிறாளா, இல்லை வழக்கம்போல "அவனே வந்து தேய்ச்சு விடட்டும்" என்கிறாளா?

பத்திரிகைக்கு வாரத்துக்கு ஓர் இடம் கொடுக்க வேண்டும். தெரிந்த அருவி, தெரிந்த கோட்டை எல்லாம் தீர்ந்துவிட்டன. ஆசிரியர், "யாருமே போகாத இடமா ஒண்ணு பிடிய்யா" என்றார். எனக்குத் தெரிந்து யாருமே போகாத இடம் அது ஒன்றுதான். பதினெட்டு வருடம் முன்பு ஆட்களை விரட்டிய வீடு என்று எழுதினால் யார் படம் எடுக்க வருவார்கள்? இருந்தவர்கள் செத்து நூறு வருடம் ஆகியிருக்க வேண்டும். அப்போதுதான் இவர்களுக்குச் சுவர் அழகாகத் தெரியும்.

எழுதுவதற்கு முன் நானே போனேன். நீச்சல் கண்ணாடி மாட்டிக்கொண்டு முங்கினேன். இருபதடிக்குக் கீழே பம்புக் குழாய், கம்பெனி எழுத்தோடு அப்படியே நிற்கிறது. அதற்குக் கீழே ஒன்றும் தெரியவில்லை. மூச்சு முட்டி மேலே வந்தேன். கூட வந்த போட்டோக்காரர், "தண்ணி எப்படிய்யா?" என்று கேட்டார்.

"ஜில்லுனு இருக்கு" என்றேன்.

உன் அண்ணன்


மார்ச் 17

அண்ணா,

குழாயைப் பார்த்திருக்கிறாய். அப்படியென்றால் நீ வந்தே ஆக வேண்டும்.

மழையில் பம்பை நிறுத்திவிட்டு ஆட்களை மட்டும் உள்ளே இறக்கினார்கள். கரை உடைந்து அப்பாவையும் சேர்த்து ஏழு பேர் முங்கிப் போனார்கள். அப்போது நீ விடுதியில் படித்துக்கொண்டிருந்தாய். கம்பெனிப் பதிவேட்டில் அந்த ஏழு பேரும் 'சொல்லாமல் வேலையை விட்டுப் போனவர்கள்'. அம்மா இன்றைக்கும் ஓடிப்போனவன் பெண்டாட்டிதான்.

பள்ளத்தை இறைத்து எலும்பை எடுத்துக் கொடுங்கள் என்று நாலு குடும்பம் சேர்ந்து மனு போட்டிருக்கிறோம். நேற்று தொழிலாளர் அலுவலகத்தில் விசாரணை. அந்தப் பள்ளத்தில் கம்பெனி வேலையே நடக்கவில்லை என்று சொல்லி, கம்பெனி வக்கீல் உன் கட்டுரையை நீட்டினார். "நூறு வருஷமா ஆளே இல்லாத இடத்துல ஆள் எப்படிங்க முங்குவான்?" என்று கேட்டார். அறையே சிரித்தது. அம்மா அங்கேதான் உட்கார்ந்திருந்தாள். வெளியே வந்ததும், "யாரு எழுதினது?" என்றாள். சொல்லிவிட்டேன். 

நாங்கள் சொன்னது எடுபடவில்லை. நீ எழுதியது எடுபட்டிருக்கிறது. "எழுதினவரே நேர்ல வந்து தப்புன்னு சொல்லட்டும், இறைக்க உத்தரவு போடறேன்" என்கிறார் அதிகாரி. அடுத்த விசாரணை மே 6.

தங்கை


மார்ச் 27

அன்புள்ள வாலுக்கு,

படித்துவிட்டு இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. ஆனால் என் நிலையையும் நினைத்துப் பார். பொய் எழுதினேன் என்று சொன்ன மறுநாள் பத்திரிகையில் என் நாற்காலி இருக்காது. மாமனார் வீட்டில், நம் அப்பா கிளார்க், காய்ச்சலில் செத்தார் என்று சொல்லியிருக்கிறேன். கல்யாணத்துக்கு முன் சொன்னது, இப்போது எப்படி மாற்றுவது? கட்டுரையை இணையத்திலிருந்து ஓசைப்படாமல் எடுக்கச் சொல்கிறேன்.

தண்ணீரை இறைத்தால் என்ன கிடைக்கப் போகிறது? நாலு எலும்பு. அது யாருடையது என்று யார் சொல்வது?

அம்மாவை இங்கே கூட்டிவந்து நல்ல டாக்டரிடம் காட்டுகிறேன். ஒரே ஒரு சங்கடம், என் அம்மாவும் உயிரோடு இல்லை என்றுதான் இங்கே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். பெரியம்மா என்று சொல்லிக்கொள்ளலாம். பக்குவமாக நீதான் எடுத்துச் சொல்ல வேண்டும்.

உன் அண்ணன்


ஏப்ரல் 8

அண்ணா,

பக்குவமாகச் சொல்ல எனக்குத் தெரியாது. அப்படியே வாசித்துக் காட்டினேன். அம்மா, "எனக்குத் தங்கச்சியே கிடையாதே, நான் யாருக்குடி பெரியம்மா?" என்றாள். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

குழாயைப் பற்றி நீ எழுதிய கடிதத்தை எங்கள் வக்கீலிடம் காட்டினேன். "இது ஒண்ணு போதும்மா, கொண்டா" என்று கை நீட்டினார். அம்மா பிடுங்கி இடுப்பில் செருகிக்கொண்டாள். "பெத்த புள்ளைய அவனுக்குத் தெரியாம காட்டிக் கொடுக்கவா? வந்தா அவனே வரட்டும்." இத்தனைக்குப் பிறகும் அவளுக்கு நீ பிள்ளை. எனக்கு என்னவாக இருக்கப் போகிறாய் என்பதை நீ முடிவு செய்துகொள்.

இதைப் பதிவுத் தபாலில் அனுப்புகிறேன்.

தங்கை


ஏப்ரல் 25

அண்ணா,

ஒப்புகை அட்டை உன் கையெழுத்தோடு திரும்பி வந்தது. பதில் வரவில்லை.

கட்டுரையை எடுத்தாயோ இல்லையோ, ஆட்கள் வருவது நிற்கவில்லை. வெயில் வேறு. ஞாயிற்றுக்கிழமை பள்ளத்தைச் சுற்றி இருபது வண்டி. போன வாரம் குளிக்க வந்த ஒருத்தர் ஆழத்துக்குப் போய் ஒரு தூக்குச்சட்டி எடுத்து வந்தார். மூடி நசுங்கியிருந்தது. லாட்ஜ் மேனேஜர் அதைத் தேய்த்துக் கழுவி, பூப் போட்டு வரவேற்பு மேசையில் வைத்திருக்கிறார். "பழங்காலத்துச் சாமான்மா, தொட்டுடாதே" என்று என்னிடமே சொல்கிறார். அது அப்பாவுடையதா என்று கேட்காதே. ஏழு பேரும் கம்பெனிக் கடையில் வாங்கிய ஒரே மாதிரிச் சட்டி, எனக்கு அடையாளம் தெரியவில்லை. கொண்டு போய்ச் சாட்சியாகக் கொடுத்தால், நானே போட்டு எடுத்தேன் என்பார்கள்.

இன்று சட்டி. நாளைக்கு எலும்பையும் ஞாபகார்த்தமாக யாராவது எடுத்துப் போவார்கள்.

மே 6, காலை பத்தரை மணி. தொழிலாளர் அலுவலகம், மாடியில் இரண்டாம் அறை. நீ அழ வேண்டாம், எங்களிடம் மன்னிப்புக் கேட்க வேண்டாம், அம்மா முகத்தைக்கூடப் பார்க்க வேண்டாம். என் அப்பா ஓடிப்போகவில்லை என்று அந்த அதிகாரி முன்னால் நின்று சொல்லிவிட்டு, அடுத்த வண்டியிலேயே போய்விடு.

வருவாயா, மாட்டாயா? ஒரு வரி எழுது.

தங்கை