எஸ்தர் கீறிய அப்பா

இன்றைக்கு ஒருத்தர் கார்க் கண்ணாடியிலிருந்து கறுப்புத்தாளை முழுசாக உரித்து எடுத்ததைப் பார்த்தேனுங்க. ஒரு மூலைகூடக் கிழியவில்லை.

நம் மகன் பழைய கார் ஒன்று வாங்கியிருக்கிறான். கண்ணாடியில் இப்படிக் கறுப்பு ஒட்டியிருந்தால் போலீஸ்காரர்கள் நிறுத்துகிறார்களாம். வேலூரில் எனக்குக் கண் காட்டிவிட்டுத் திரும்பும்போது ரோட்டோரப் பட்டறை ஒன்றில் வண்டியை விட்டான். பட்டறைக்காரர் ஒரு மெஷினை வைத்து வெளிப்பக்கம் ஆவி அடித்தார். பிறகு உள்ளே ஏறி, ஓர் ஓரத்தை நகத்தால் கிளப்பி, தண்ணீர் தெளித்துத் தெளித்து மெதுவாக இழுத்தார். ஈரத்துணி மாதிரி மொத்தமும் அவர் கையோடு வந்துவிட்டது. கண்ணாடியில் வெந்த பசையின் வாடை வெளியே வீசியது. கொஞ்சம் புளிப்பும் கொஞ்சம் மெழுகும் கலந்த அந்த வாடை எனக்குத் தெரியாதா? மூக்கில் ஏறியதும் அங்கே கிடந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். அம்மாவுக்குச் சர்க்கரை இறங்கிவிட்டது என்று நினைத்து மகன் டீ வாங்க ஓடினான்.

சர்க்கரையும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. எனக்கு உங்கள் மேல் கோபம். சூடும் தண்ணீரும் சேர்ந்திருந்தால் போதுமாம். காயவே விடக்கூடாதாம். அந்த மனுஷர் சர்வசாதாரணமாகச் சொல்கிறார். இத்தனை வருஷம் கழித்து இதைத் தெரிந்துகொண்டு நான் என்ன செய்ய? வீட்டுக்கு வந்து உங்களிடம் சொல்லிச் சண்டை பிடிக்கலாமென்றால் போன மழைக்காலத்தோடு நீங்களும் போய்விட்டீர்கள். அதனால்தான் எழுதுகிறேன். எழுதினால் மட்டும் படிக்கவா போகிறீர்கள்? இருக்கும்போதே நான் சொல்வது எதையும் முழுசாகக் கேட்டதில்லை.

நீங்கள் முதலில் டிரைவர் இல்லை. ஆம்பூரில் தோல் தொழிற்சாலையில் பேஸ்டிங் பிரிவில் இருந்தவர். ஈரத்தோலைப் பசை தடவி ஆளுயரக் கண்ணாடியில் ஒட்டி, சூட்டறைக்குள் அனுப்பி, நன்றாகக் காய்ந்து வந்ததும் ஒரு மூலையைப் பிடித்து உரிக்கிற வேலை. கல்யாணமான புதிதில் சோறு போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்; நீங்கள் தட்டைத் தொடாமல் அந்தப் பெருமையையே பேசுவீர்கள். தான் உரித்த தோலில் இதுவரை ஒன்றுகூடக் கிழிந்ததில்லையாம். காய்ச்சல்தான் கணக்காம், காய்ந்துவிட்டால் அது தானாகவே கண்ணாடியை விட்டுவிடுமாம். நான் ஷூ கம்பெனியில் நாள் முழுக்க அதே தோலைத் தைத்துவிட்டு வருகிறவள். வீட்டிலும் தோல் கதையா என்று எரிச்சலாக வரும்.

பிறகு கையெல்லாம் வெடித்துப் புண்ணானது. முதலாளி நல்லவர், வேலையை விட்டு அனுப்பாமல் தன் வீட்டு அம்பாசிடரை ஓட்டச் சொன்னார். அந்த வீட்டுப் பெண்கள் பர்தா போடுகிறவர்கள். முதலில் கார் ஜன்னலுக்குத் திரை கட்டியிருந்தார்கள். எண்பதுகளின் தொடக்கத்தில் மெட்ராஸிலிருந்து பின்கண்ணாடிக்குக் கறுப்புத்தாள் ஒட்டிக்கொண்டு வந்தார்கள். ஆம்பூரில் அது பெரிய அதிசயம். அவர்கள் புதுக் கார் வாங்கியபோது பழையதை உங்களுக்கே கொடுத்தார்கள். நீங்கள் அதை டாக்சி ஸ்டாண்டில் போட்டீர்கள். கறுப்புக் கண்ணாடி இருந்ததால் வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போகிற முஸ்லிம் வீட்டுப் பெண்கள் உங்கள் வண்டியைத்தான் கேட்டு வாங்கிப் போவார்கள். உங்களுக்குத் தலைகால் புரியவில்லை. என் புடவையைவிட அந்தக் காருக்குத்தான் துவைப்பும் துடைப்பும் அதிகம்.

நம் மூத்தவள் எஸ்தருக்கும் அந்தக் கார்தான் எல்லாம். பின்சீட்டுக்கு மேலே, கண்ணாடிக்குக் கீழே ஒரு பலகை இருக்குமே, அதில் ஏறிப் பூனைக்குட்டி மாதிரி படுத்துக்கொள்வாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்து நான் வாசலில் யாரிடமோ பேசிக்கொண்டு நின்ற நேரத்தில், என் கொண்டையூசியால் அந்தக் கறுப்புத்தாளில் ஒரு படம் கீறிவிட்டாள். உங்களைத்தான். பெரிய தலை, பூரான் மாதிரி மீசை, தலையிலிருந்தே இரண்டு கால். கீறிய இடத்தில் வெளிச்சம் நுழைந்து படம் பளிச்சென்று தெரிந்தது. நான் முதுகில் ஒன்று வைத்தேன். நீங்கள் சிரித்துவிட்டு, கை எங்கே என்று அவளைக் கேட்டீர்கள்.

"கை ஸ்டீரிங்ல கீதுப்பா. அதான் தெரில."

அதற்கப்புறம் ஸ்டாண்டில் நீங்கள் இதைச் சொல்லாத ஆளில்லை.

அந்த வருஷம் கிறிஸ்துமஸுக்குப் புதுக் கவுன் தைத்துப் போட்டு, ஸ்டுடியோவுக்குக் கூட்டிப்போய்ப் படம் எடுப்பதாக இருந்தோம். அதற்குள் காய்ச்சல் வந்தது. மூளைக்காய்ச்சல் என்றார்கள். அந்தக் காரில்தான் வேலூருக்குக் கொண்டுபோனோம். பின்சீட்டில் என் மடியில் தலை வைத்துக் கிடந்தாள். ஆஸ்பத்திரியில் அவர்களால் ஆனதையெல்லாம் செய்தார்கள். திரும்பி வரும்போதும் நீங்கள்தான் ஓட்டினீர்கள். ஸ்டாண்டிலிருந்து வந்த இன்னொரு டிரைவர் எத்தனையோ கெஞ்சினார், நான் ஓட்டுகிறேன் அண்ணே என்று. சாவியைக் கொடுக்கவில்லை நீங்கள். வழியில் அழவில்லை. கல்லறைத் தோட்டத்தில் மண் போட்டபோதும் அழவில்லை. அன்றிலிருந்து அவள் பெயரையும் சொல்லவில்லை. நான் சொன்னால் எழுந்து வெளியே போய்விடுவீர்கள். நான் மட்டும் தனியாக அழுது அழுது, கடைசியில் உங்களைக் கண்டாலே வயிறெரிய ஆரம்பித்தது. இந்த மனுஷனுக்குப் பெற்ற பாசமே இல்லையா என்று நினைத்தேன்.

அவளிடமிருந்து நமக்கு மிஞ்சியது என்ன? ஒரு போட்டோ இல்லை. சிலேட்டில் எழுதியதை அவளே எச்சில் தொட்டு அழித்துவிட்டாள். கவுன் அவள் பெட்டியோடு மண்ணுக்குள் போனது. அந்தக் கீறல் ஒன்றுதான் அவள் கையால் இருந்தது.

வருஷம் ஆக ஆக வெயிலில் அந்தத் தாள் ஊதா நிறமாகி, அம்மை போட்டது மாதிரி கொப்புளம் கொப்புளமாக எழும்பியது. பின்னால் லாரி வந்தாலும் தெரியாது, யானை வந்தாலும் தெரியாது. எல்லோரும் எடுக்கச் சொன்னார்கள். நீங்கள் காதில் வாங்கவில்லை. நான் அதைச் சோம்பேறித்தனம் என்றுதான் நினைத்தேன்.

வேலூருக்கு மாதாமாதம் வைத்தியத்துக்குப் போவாரே ஒரு பெரியம்மா, பர்தா போட்டவர், அவர் ஒரு நாள் மத்தியானம் நம் வீட்டைத் தேடி வந்தார். முகத்திரையை விலக்கியதும் பார்த்தேன், நெற்றி புடைத்திருந்தது. முந்தின நாள் பள்ளிகொண்டாவுக்குப் பக்கத்தில் நீங்கள் ஒரு மாட்டுவண்டியில் ஏற்றப் பார்த்துக் கடைசி நொடியில் பிரேக் போட்டீர்களாம். அவர் முன்சீட்டில் போய் மோதிக்கொண்டாராம். நீங்கள் வந்து என்னிடம் மூச்சு விடவில்லை.

"உங்க வீட்டுக்காரரு ரோட்ட பாக்கறது கம்மி, மேல கீற கண்ணாடிய பாக்கறதுதாம்மா ஜாஸ்தி. பின்னால இன்னாத்தயோ பாத்துக்கினே ஓட்றாரு. நல்ல மனுஷன். ஸ்டாண்டுல சொன்னா பேஜாராயிடும்னு உன்கிட்ட வந்தேன்."

அந்தத் தாளை எடுத்துவிட்டால் உங்களுக்குச் சங்கடமாயிற்றே என்று அவரிடம் சொன்னேன். நான்தான் பர்தா போட்டிருக்கிறேனே, கண்ணாடிக்கு எதற்கு இன்னொன்று என்று சிரித்துவிட்டு, வேண்டுமானால் பழையபடி ஒரு திரை கட்டிக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போனார்.

அவர் போனதும் நான் காரின் பின்சீட்டில் போய் உட்கார்ந்து, திரும்பிப் பார்த்தேன். கொப்புளங்களுக்கு நடுவில் மீசை வைத்த அப்பா நின்றுகொண்டிருந்தார். எனக்கு அப்போதுதான் புரிந்தது. ஆம்பூரிலிருந்து வேலூர் வரைக்கும், வேலூரிலிருந்து ஆம்பூர் வரைக்கும், நீங்கள் தினமும் அவளோடுதான் போய்க்கொண்டிருந்தீர்கள். பாசமில்லாதவர் என்று உங்களை நினைத்தேனே, பாவி மனுஷா.

அப்போது மகன் என் வயிற்றில். நீங்கள் வந்ததும் கைகால் கழுவக்கூட விடவில்லை நான்.

"ஒரு புள்ளய மண்ணுல வெச்சிட்டு வந்துட்டேன். உங்களையும் வெக்க என்னால ஆவாது. இதுக்கு அப்பன் வேணும். அந்தத் தாள எடுத்துடுங்க."

எடுத்துவிடுகிறேன் என்றீர்கள். ஆனால் முழுசாகத்தான் எடுப்பேன், கிழியாமல் எடுத்துக் கண்ணாடிச் சட்டம் போட்டு வீட்டில் மாட்டுவேன் என்றீர்கள். நான் ஷூ கம்பெனியில் எத்தனை வகைத் தோலைத் தொட்டிருக்கிறேன், இது தோல் இல்லையே என்று எனக்குள் ஒரு பயம். சொல்லவில்லை. கண்ணாடியிலிருந்து உரிக்கிறதைப் பற்றி உங்களிடம் யார் பேச முடியும்?

ஞாயிற்றுக்கிழமை வண்டியின் பின்பக்கத்தை வெயிலுக்குத் திருப்பி நிறுத்தினீர்கள். ஈரப் பஞ்சால் தாளைத் துடைத்துவிட்டு, கதவுகளைச் சாத்தி, உச்சிவெயில் முழுக்கக் காயவிட்டீர்கள். நான் சாப்பிடக் கூப்பிட்டதற்கு, இன்னும் காயட்டும், காய்ந்தால் தானாக விட்டுவிடும் என்றீர்கள். தொழிற்சாலையில் தோல் விட்ட மாதிரியே இதுவும் விடும் என்று நம்பிக்கொண்டு கார் பக்கத்திலேயே நின்றீர்கள். பிறகு உள்ளே ஏறி ஒரு மூலையைப் பிடித்தீர்கள். ஒரு ஜாண் வந்தது. என்னைப் பார்த்து ஒரு சிரிப்பு சிரித்தீர்கள். அவ்வளவுதான். அப்பளம் மாதிரி நொறுங்கியது. மீசை ஒரு துண்டில், கால் ஒரு துண்டில். நீங்கள் விடாமல் ஒவ்வொரு துண்டாக உரித்து உரித்து மடியில் போட்டுக்கொண்டீர்கள். போதும் விடுங்க என்று நான் சொன்னது உங்களுக்குக் கேட்கவில்லை.

தாள் போனபிறகும் பசை கண்ணாடியிலேயே நின்றது. அந்தப் பசையில் படம் இருந்தது. அவள் கீறிய கோட்டு வழியாக இத்தனை வருஷம் காற்றும் தூசியும் பட்டுப் பட்டு, அந்தக் கோடு மட்டும் பழுப்பாக இறுகிப்போயிருந்தது. "இருக்குது பாரு, இருக்குது பாரு" என்று குழந்தை மாதிரி சொன்னீர்கள். ஆனால் அந்தப் பிசின் வழியாக வெளியே எதுவும் தெரியவில்லை. தெருப்புழுதி அதற்குள் ஒட்ட ஆரம்பித்துவிட்டது. மறுநாள் நீங்கள் மறுபடியும் அதைப் பார்த்துக்கொண்டே ஓட்டப் போகிறீர்கள். நீங்கள் என் வயிற்றைப் பார்த்தீர்கள். எழுந்து போய் மண்ணெண்ணெயும் பழந்துணியும் கொண்டுவந்து என் கையில் கொடுத்தீர்கள்.

"நீயே தொடச்சிடு. என் கை போவாது."

நான் துடைத்தேன். காலிலிருந்து தொடங்கினேன். முகத்துக்கு வந்ததும் கை நின்றது. கண்ணை மூடிக்கொண்டு தேய்த்தேன். அது தப்பென்று இன்றைக்கும் நான் நினைக்கவில்லை. மறுபடியும் அந்த நாள் வந்தால் மறுபடியும் துடைப்பேன். நீங்கள் முன்சீட்டில் உட்கார்ந்து மேல்கண்ணாடியில் பார்த்துக்கொண்டே இருந்தீர்கள். எல்லாம் போய்ப் பின்னால் தெரு பளிச்சென்று தெரிந்தது. நான் திரும்பி உட்கார்ந்தேன். அந்தக் கண்ணாடியில் உங்கள் கண் என் கண்ணைப் பார்த்தது. "எஸ்தரு" என்றீர்கள். ஸ்டீரிங்கில் தலையைச் சாய்த்துக்கொண்டு அழுதீர்கள். நான் பின்னாலிருந்து உங்கள் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அவள் போய் அத்தனை வருஷம் கழித்து அன்றைக்குத்தான் நாம் இரண்டு பேரும் சேர்ந்து அழுதோம்.

அதன்பிறகு நமக்கு அவள் பெயரைச் சொல்லும் வாய் வந்தது. கூடவே ஒரு சண்டையும் வந்தது. அந்தப் படத்தில் ஒரு கால் நீளம், ஒரு கால் குட்டை. நீளம் எது என்பதுதான் சண்டை. நான் வலது பக்கம் என்பேன். நீங்கள் இடது பக்கம் என்பீர்கள். நான் பின்சீட்டில் திரும்பி உட்கார்ந்து நேராகப் பார்த்தவள். நீங்கள் மேல்கண்ணாடியில் மாற்றிப் பார்த்தவர். இரண்டு பேர் சொன்னதும் சரிதான். அது இரண்டு பேருக்கும் தெரியும். தெரிந்தும் விடமாட்டோம். அவள் பேச்சை எடுக்க நமக்கு அது ஒரு சாக்கு. மகன் வளர்ந்து, கல்யாணமாகி, உங்களுக்குக் காது மந்தமான பிறகும் அந்தச் சண்டை மட்டும் ஓயவில்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் மூச்சு வாங்கிக்கொண்டு கிடந்தபோதுகூட, நான் குனிந்து வலதுதானே என்று கேட்டேன். நீங்கள் தலையை ஆட்டி இல்லை என்றீர்கள்.

இன்றைக்குப் பட்டறையிலிருந்து வந்ததும் காலண்டர் தாள் ஒன்றைக் கிழித்து, பின்பக்கத்தில் அந்தப் படத்தைப் போட்டுப் பார்த்தேன். மகனுக்கு அக்கா ஒருத்தி இருந்தாள் என்று தெரியும், அந்தப் படத்தைப் பார்த்ததில்லை. அது எப்படி இருந்தது என்று இந்த உலகத்தில் தெரிந்தவள் இப்போது நான் ஒருத்திதான். தலை போட்டேன். மீசை போட்டேன். காலுக்கு வந்ததும், வலது கால்தான் நீளம் என்று வாய்விட்டே சொன்னேன். கொஞ்ச நேரம் பென்சிலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இல்லை, இடதுதான் என்று வீட்டில் யாரும் மறுத்துச் சொல்லவில்லை.

நான் ஜெயித்துவிட்டேனுங்க. எனக்கு இந்த ஜெயிப்பு வேண்டாம்.