நூற்று நாற்பது மச்சங்கள்

மார்ச் 3
என் வீட்டுக்காரர் வாங்கிய புதுக் கேமரா வந்துவிட்டது. அறுபது மெகாபிக்சலாம். பால்காரரிடம்கூடச் சொல்லியாகிவிட்டது.
எனக்கும் ஒரு செய்தி வைத்திருந்தார்: "இது எடுத்தா படத்தைத் திருத்தவே வேணாம். உன் கம்ப்யூட்டரை வித்துடலாம், நீ ரெஸ்ட் எடு." ஒன்பது வருடமாக இந்த ஸ்டுடியோவில் இவர் எடுத்த முகங்களையெல்லாம் பார்க்கும்படி ஆக்கியவள் நான். ரெஸ்ட்டாம்!

மார்ச் 5
எதிர்க்கடைத் தையல்காரருக்கு, உள்ளே படம் பதிகிற சென்சாரைக் காட்டுகிறேன் என்று லென்ஸைக் கழற்றி, ஓடுகிற ஃபேனுக்கு அடியில் கால் மணி நேரம் திறந்து வைத்திருந்தார். "தூசி போகும், மூடுங்க" என்றேன். "கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை?" என்றார். தையல்காரர் முன்னாலேயே.

மார்ச் 6
இன்னும் ஆறவில்லை.

மார்ச் 9
தொழிற்சாலை ஆட்கள் நூற்று நாற்பது பேருக்கு அடையாள அட்டைப் படம். தரையில் குறி போட்டு, எல்லா முகமும் ஒரே இடத்தில் விழும்படி எடுத்தார். என் கண்ணில் காட்டாமலே அனுப்பியும்விட்டார்.

மார்ச் 12
அவருக்குத் தெரியாமல் திறந்து பார்த்தேன். அத்தனை பேருக்கும் இடது கன்னத்தில், ஒரே இடத்தில் மச்சம்!
"லென்ஸ் சரியில்ல" என்றார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். வேறு லென்ஸ் மாட்டி எடுத்துப் பார்த்தார். மச்சம் அசையவில்லை. லென்ஸில் தூசி பட்டால் படம் கொஞ்சம் மங்கும், புள்ளியாக விழாது. எந்த லென்ஸுக்கும் அதே இடம் என்றால் தூசி சென்சாரில்தானே?
"வீட்ல உன்னை எடுத்தப்ப இல்லையே?"
அப்போது லென்ஸின் துளையை அகலத் திறந்து எடுத்தார், தூசியின் நிழல் கரைந்துபோனது. இங்கே குறுக்கி வைத்தார், பளிச்சென்று விழுந்துவிட்டது. சொன்னேன். "என் சென்சாரைக் குறை சொல்லாதே!" — என்னை மட்டும் யாரும் என்ன வேண்டுமானாலும் சொல்லலாம்.

மார்ச் 17
தொழிற்சாலைக் குமாஸ்தா படத்தைப் பார்த்தே அட்டையில் அங்க அடையாளம் எழுதியிருக்கிறார்: 'இடது கன்னத்தில் மச்சம்'. நூற்று நாற்பது அட்டையிலும்! ஒரு தடவைகூடச் சந்தேகம் வரவில்லையா, மகானே? வாசல் காவலாளி அவருக்கு மேல். மச்சம் இல்லாதவர்களை உள்ளே விடவில்லை. ஆட்கள் பேனாவால் மச்சம் வைத்துக்கொண்டு வேலைக்குப் போகிறார்களாம்.
மேலாளர் போனில் கத்தினார்: "நாளைக்கே எல்லாருக்கும் புதுப் படம் எடுக்கணும். இல்லேன்னா உங்க ஸ்டுடியோவே வேணாம்."
இவர் சாப்பிடவில்லை. நான் சமையலறைக்குப் போய்ச் சிரித்துவிட்டு வந்தேன். பிறகு பாவமாகவும் இருந்தது. கொஞ்சம்தான்.

மார்ச் 18
காலையில் ரப்பர் ஊதியால் சென்சாரில் நாலு தடவை ஊதினேன். வெள்ளைச் சுவரை எடுத்துப் பார்த்தேன், புள்ளி இல்லை. "நீயே எடு" என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.
வரிசை தெருவரை நின்றது. வேலையிலிருந்து நேராக வந்தவர்கள், எல்லார் கன்னத்திலும் மை. நான் எடுத்தேன். இவர் ஸ்டூலுக்குப் பக்கத்தில் ஈரத்துணியோடு நின்று, நூற்று நாற்பது கன்னத்தையும் துடைத்துவிட்டார்.